ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கை

அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு கதவு கிறீச்சிட்டபோது. எனக்குக் கல்யாணமாகி நாலாம் நாள். சமையலறைக் கதவைத் திறந்தால் பூனையை மிதித்தது மாதிரி ஒரு சத்தம் வரும். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"எண்ணெய் விட்டுப் பாத்தாச்சும்மா, போகல" என்றார் என் மாமியார். "நொட்டை வந்தா ஒரு நொடியில சொல்லிடுவா, எதனாலன்னு."

கூடத்தில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். நாலு நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கதவை நினைத்துச் சிரித்தாரா, அந்தப் பெயரை நினைத்துச் சிரித்தாரா என்று யோசித்துக்கொண்டே நின்று, அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டேன்.

நொட்டை என்பது வீட்டில் விழுந்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு நல்ல பெயர் இருந்தது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஐந்து வயதில் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து, "இது ஒரு கால் நொண்டுது" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கடிகாரம் நின்றுபோய், பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்தபோது ஒரு பல் தேய்ந்திருந்தது. அன்றிலிருந்து எதற்கும் நொட்டை சொல்கிறவள் என்று அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உறவைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் என் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது. என் மாமனாரோடு பிறந்தது மூன்று பெண்கள். மூத்தவருக்குப் பிள்ளை இல்லை. கடைசியவருக்கு இரண்டும் ஆண். நடுவில் உள்ளவருக்கு நாலு பெண், அதில் மூன்றாவது இவள். ஆக, என் வீட்டுக்காரருக்கு அத்தை மகள். கட்டிக்கொள்ளும் முறை. அவரை "அத்தான்" என்று கூப்பிடுவாள். "அண்ணா" என்று கூப்பிடுகிற முறையாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். நான் அவரை "என்னங்க" என்பதோடு சரி. அத்தான் என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். "யாரை?" என்று திரும்பிப் பார்த்தார்.

இன்னொன்று. மாமியாருக்கு அவள் நாத்தனார் மகள். அதனால் அவளும் "மருமகளே"தான். அவள் வீட்டுக்கு வந்திருக்கிற நாளில் மாமியார் "மருமகளே" என்று குரல் கொடுத்தால், "என்ன அத்தை?" என்று இரண்டு பேரும் எழுந்து நிற்போம். மாமியார் பார்வை முதலில் யார் பக்கம் போகிறது என்று நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். பத்துக்கு ஏழு தடவை அவள் பக்கம்தான் போகும்.

அப்படியானால் ஏன் அவளையே கட்டவில்லை? மாமியார் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அதையும் சொன்னார்.

"கேட்டோம்மா. கேக்காம இருப்போமா? அவ என்ன சொன்னா தெரியுமா? அத்தான் நடக்கும்போது இடது கால் இழுக்குது, செருப்பைத் திருப்பிப் பாருங்கன்னா. அவன் அவமானப்பட்டுட்டான். அப்புறம் அவளே சொன்னா, காரணம் அது இல்ல, எனக்குக் கல்யாணம் பண்ணிக்கிற மனசே இல்லன்னு. யாரு காதுல ஏறுது? செருப்போட பேச்சு நின்னுபோச்சு."

அன்று சாயங்காலம் அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கம் தேய்ந்துதான் இருந்தது. ஒரு வருஷம் அவரோடு நடந்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரியாதது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னதைவிட இதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது.

அவர் தண்ணீர்ப் பம்பு செய்கிற பட்டறையில் ஃபிட்டர். அவளுக்கும் அங்கேதான் வேலை. செய்து முடித்த பம்புகளை ஓடவிட்டு, எது சரியில்லை என்று காதால் கேட்டுப் பிரிப்பாள். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை இயந்திரத்தில் வைத்து, மறுமுனையைக் காதோரம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாள். மருத்துவர்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டார்.

பட்டறை முதலாளிக்கு நாற்பத்தைந்து வயதில் ஓர் ஆசை வந்தது. பம்பு செய்கிற கையால் மோட்டார் காரும் செய்ய முடியாதா என்று. இரண்டு வருஷம் எல்லாருமாக முட்டி மோதி ஒரு வண்டியைச் செய்தார்கள். கூரை இல்லை, கதவு இல்லை. நாலு சக்கரம், இயந்திரம், அதன் பின்னால் ஒரு பலகை, பலகையின் முன்பக்கத்தில் இரண்டு இருக்கை, பின்பக்கத்தில் ஆள் பாரத்துக்காக மணல் மூட்டை. பட்டறையில் அதற்கு மொட்டை என்று பெயர். மொட்டையை ஓட்ட என் வீட்டுக்காரரைப் போட்டார்கள். கேட்க ஒரு காது வேண்டுமே? ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையில் நொட்டையைப் போட்டார்கள்.

"ஓட்டறவன் ரோட்டைப் பாக்கணும், கேக்கறவ வண்டியைப் பாக்கணும். ரெண்டையும் ஒருத்தரே செஞ்சா ரெண்டும் கெடும்" என்றாராம் முதலாளி. எவ்வளவு நியாயமான பேச்சு. அந்த மனுஷனை மனசுக்குள் நான் வையாத வசவு இல்லை.

தினமும் காலையில் பட்டறை வாசலிலிருந்து புறப்பட்டு, கல்பாலம் தாண்டி, மேட்டு வளைவு ஏறி, நீரேற்று நிலையம் வரை போய்த் திரும்புவார்கள். இருபத்திரண்டு மைல். அவள் மடியில் ஒரு நோட்டு. எத்தனையாவது மைலில் என்ன சத்தம், ஏற்றமா இறக்கமா, வெயிலா மழையா, எல்லாம் எழுதுவாள். பட்டறையில் அதற்கு ஒரு கட்டு இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் செய்யலாம், அதையும் நோட்டில் எழுதாமல் செய்யக்கூடாது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாமல் போகுமாம்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதே ஆரம்பிப்பார். "இன்னைக்கு நொட்டை என்ன சொன்னா தெரியுமா? பின்னாடி வலது சக்கரத்துல ஒரு போல்ட் மட்டும் தனியாப் பேசுதுன்னா. கழட்டிப் பாத்தா நூல் தேஞ்சிருக்கு!" மறுநாள் வேறு கதை. "இறக்கத்துல மட்டும் மூணாவது கியர் அழுதுன்னா. பல்லு உடைஞ்சிருக்கு!"

எனக்கும் இரண்டு காது இருக்கிறது. ஒரு நாள் நானும் சொன்னேன், "என்னங்க, நம்ம குழாய் தனியாப் பேசுது."

"வாஷர் போயிருக்கும்" என்று செய்தித்தாளைத் திருப்பினார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் துண்டு விஷயம் வந்தது. அவர் தோளில் போட்டுக்கொண்டு போகிற துண்டு, நான் துவைத்து மடித்துக் கொடுப்பது. அன்று அதில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. கேட்டேன்.

"அவ புடவைச் சாயமா இருக்கும். பலகை குத்துதுன்னா, துண்டை மடிச்சுப் போட்டுக் குடுத்தேன்" என்றார். ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிற மனுஷன். ஒளித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

துண்டை மூன்று தரம் துவைத்தேன். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த வண்டியில் என்னுடையது ஒன்று இருக்க வேண்டும். தினமும் இருபத்திரண்டு மைலும் அவரோடு போக வேண்டும். செருப்புத் தைக்கிறவரிடம் போய்க் கெட்டித் தோலாகப் பார்த்து வாங்கினேன். உள்ளே பஞ்சை இறுக்கி அடைத்து, ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டு ஒரு மெத்தை தைத்தேன். அவர் உட்காருகிற பக்கத்துக்கு மட்டும். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. வெள்ளிக்கிழமை தைத்து முடித்தேன், சனிக்கிழமை காலையில் கையில் கொடுத்து அனுப்பினேன்.

"அட, மெத்துனு இருக்கே!" என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையே மொட்டை வழியில் நின்றது. எட்டு மைல் ஓடி, இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது. அவர் இறங்கி, பெட்ரோல் வருகிற சின்னத் துளையைக் கழற்றி ஊதி மாட்டினார். புறப்பட்டது. திங்கட்கிழமை மறுபடி நின்றது. தீப்பொறிக் கம்பியைத் துடைத்தார். புறப்பட்டது. செவ்வாய்க்கிழமை குழாயை மாற்றினார்கள். கிளம்பும், எட்டு ஒன்பது மைலில் நிற்கும். இறங்கி எதைத் தொட்டாலும் சரியாகும், கொஞ்ச தூரம் போனால் மறுபடி இருமும். பட்டறையில் நிறுத்தி வைத்து இயந்திரத்தை மட்டும் மூன்று மணி நேரம் ஓடவிட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்வானேன்? பெரிய காது, பெரிய காது என்றார்களே, கண்டுபிடிக்கட்டுமே என்று இருந்தது. முதலாளி அவளை மறுபடி பம்புப் பக்கம் அனுப்பிவிடுவார், அந்த இருக்கை காலியாகும் என்று நாள் எண்ணினேன். ஆனால் வண்டி நிற்க நிற்க அவர்கள் பட்டறைக்குத் திரும்பும் நேரம்தான் நீண்டது. பத்து மணிக்கு வருகிற வண்டி ஒரு மணிக்கு வந்தது. வழியில் நிற்கிற வண்டியில் யார் இருப்பார்கள்? அவர் ஒருவர். அவள் ஒருத்தி.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் பால்காரர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார்.

"கல்பாலத்துக்கிட்ட உங்க வீட்டு வண்டி நிக்குதும்மா."

"நிக்கும். பழுது பாத்துக்கிட்டு இருப்பாரு."

"பழுதெல்லாம் பாக்கல. அதான் எனக்கே ஆச்சரியமா இருக்கு. நான் பண்ணைக்குப் போறப்பவும் ரெண்டு பேரும் வண்டியில பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தாங்க. பாலைக் கறந்து எடுத்துக்கிட்டு வர்றப்பவும் அப்படியே உக்காந்திருக்காங்க. பேச்சும் இல்ல. அசைவும் இல்ல. ஆத்தைப் பாத்துக்கிட்டு..." இழுத்தார். "நல்ல காத்துதான் அங்க."

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை. டிபன் கேரியரில் மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்தேன், சாக்கு வேண்டுமே. அவர்கள் திரும்பி வர வேண்டிய பட்டறை ஒன்றரை மைல். அன்று நான் நடந்த நடைக்கு, எட்டு மைலானாலும் மொட்டையைப் போல நின்றிருக்க மாட்டேன்.

உள்ளே நுழைந்தபோது கடைசல் இயந்திரம் ஓடவில்லை. எல்லாரும் மொட்டையைச் சுற்றி நின்றார்கள். முதலாளி, கடைசல்காரர், என் வீட்டுக்காரர். நடுவில் நொட்டை. அவள் கையில் என் மெத்தை. அடிப்பக்கம் மேலாகத் திருப்பிப் பிடித்திருந்தாள். தோலில் வட்டமாக ஒரு தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பினாள். "அக்கா, நல்ல வேளை வந்தீங்க. இதை என்னைக்குத் தைச்சீங்க?"

நான் எதற்கு வந்தேன், அவள் எதைக் கேட்கிறாள்! "ஏன், உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்றேன்.

"தேதி வேணும் அக்கா."

"வெள்ளிக்கிழமை முடிச்சேன். சனிக்கிழமை குடுத்து விட்டேன்."

அவள் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "சனிக்கிழமைதான் முதல் தடவை நின்னது" என்று முதலாளியிடம் காட்டினாள்.

விஷயம் இதுதான். பெட்ரோல் தொட்டி ஓட்டுகிறவர் உட்காரும் பலகைக்குக் கீழே இருக்கிறது. அதன் மூடி, பலகையில் உள்ள வட்டத் துளை வழியாக எட்டிப் பார்க்கும். மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை. பெட்ரோல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் மிச்சப் பெட்ரோல் கீழே இறங்கும். என் மெத்தையின் கெட்டித் தோல் அந்த ஓட்டையைக் காற்றுப் புகாமல் அடைத்தது. மெத்தை தனியாகக் கிடந்தால் அடைக்காது. அவர் பாரம் அதன் மேல் உட்கார்ந்தால்தான் அடைக்கும். பழுது பார்க்க அவர் எழுந்தாலே காற்று புகுந்துவிடும், எதைத் தொட்டாலும் சரியானது போலத் தோன்றும். அதனால்தான் அன்று காலையில் நின்றவுடன் அவள், "அத்தான், இறங்காதீங்க, ஒண்ணையும் தொடாதீங்க, சும்மா உக்காருங்க" என்றிருக்கிறாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி உயிர் பெறவில்லை. அப்புறம் எதையும் தொடாமல் அவரை எழுந்து நிற்க மட்டும் சொல்லியிருக்கிறாள். கீழே புஸ்ஸென்று மூச்சு வாங்கும் சத்தம் அவள் காதுக்குக் கேட்டிருக்கிறது.

மெத்தையை யாரும் நோட்டில் எழுதியிருக்கவில்லை. பெண்டாட்டி தைத்துக் கொடுத்ததை வண்டியில் செய்த மாற்றம் என்று எந்த ஃபிட்டர் எழுதுவான்?

"அம்மா, வண்டிக்கு நீங்க மூச்சு முட்ட வச்சிட்டீங்க!" என்றார் கடைசல்காரர். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

அதோடு விட்டிருந்தால் நானும் டிபன் கேரியரை வைத்துவிட்டு வந்திருப்பேன். அவள் விடுகிறவளா? பக்கத்து இருக்கையின் வெறும் பலகையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் அக்கா ஒரு பக்கத்துக்கு மட்டும் தைச்சீங்க?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். எதனால் என்பது முழுதாகத் தெரிந்தாக வேண்டும், அவள் பிறவி அப்படி. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசல்காரர் தன் இயந்திரத்தைத் துடைக்கப் போனார்.

"தோல் பத்தல" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தாள். பம்பில் கம்பியை வைத்துக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி. பிறகு தலையைக் குனிந்து, நான் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினாள். தோல் பற்றவில்லை.

"சரி, அந்த மெத்தையைத் தூக்கிப் போடுங்கப்பா" என்றார் முதலாளி.

"மெத்தை மேல தப்பில்ல" என்றாள் நொட்டை. "ஓட்டை இருக்கிற இடம்தான் தப்பு. நாளைக்கு இந்த வண்டியை வாங்கறவங்க வீட்டுலயும் ஒரு அக்கா இருப்பாங்க. ஓட்டையைப் பக்கவாட்டுல மாத்துங்க."

மாற்றினார்கள். என் மெத்தை அதே இடத்தில் இருந்தது.

வீட்டில் அவரைக் கேட்டேன், "முக்கால் மணி நேரமும் என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. சும்மாதான் உக்காந்திருந்தோம்."

பேசியிருந்தால்கூட ஆறியிருக்கும். என்னோடு அவர் அப்படி முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்ததே இல்லை.

மறுநாளிலிருந்து அவள் பின்பக்கம் மாறிவிட்டாள். ஒரு மணல் மூட்டையை முன்னிருக்கையில் தூக்கி வைத்துவிட்டு, மூட்டை இருந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். பின் அச்சின் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கிறது என்று சொன்னாளாம். என் ஆசைப்படியே என் வீட்டுக்காரர் பக்கத்தில் மணல் மூட்டை உட்கார்ந்து போயிற்று. பால்காரர் அதற்கும் செய்தி கொண்டுவந்தார். "ஐயா இப்பல்லாம் கழுத்தைப் பின்னாடி திருப்பிப் பேசிக்கிட்டே ஓட்டறாரும்மா. பாத்து ஓட்டச் சொல்லுங்க."

இரண்டு மாதத்தில் மொட்டை ஒரே மூச்சில் நூறு மைல் ஓடியது. அன்று பட்டறையில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் இந்த வண்டிக்கு உழைச்சவங்கதாம்மா, ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்றார். கேலிதான். ஆனால் மூட்டையை இறக்கி இடம் கொடுத்தார்கள். ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்தேன். நொட்டை பின்னால்.

வண்டி வாசலைத் தாண்டியது. காற்று முகத்தில் அடித்தது. எனக்கு ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. "என்னங்க..." என்றேன்.

"ஸ்... இரு" என்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். "ஏதோ கடகடங்குது. நொட்டை, கியர் பெட்டியா பாரு."

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "கியர் பெட்டி இல்ல அத்தான். அக்கா வளையல் கம்பியில தட்டுது."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கல்பாலம் வரை போய்த் திரும்பினோம். அதற்கு முன்னும் பின்னும் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்ததில்லை.

இரண்டாவது வண்டி செய்தபோது ஓட்டவும் அவளே கற்றுக்கொண்டாள். அப்போது என் வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதினார். அதற்கு நான் எதுவும் தைக்கவில்லை. பட்டறை தொழிற்சாலையாகி, சாலையில் ஓட்டிப் பார்க்கிற பிரிவுக்கு அவள் தலைமையாகி, அறுபது வயதில் ஓய்வு பெற்றாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. முதலில் சொன்னதேதான் காரணம், நாங்கள்தான் வேறு என்னென்னவோ நினைத்தோம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர் போன அன்று அவள் வந்து அழுதாள். நான் அவள் எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், தங்கையின் மகள் வீட்டில், கீழ்த்தளத்து முன்னறையில் இருக்கிறாள். அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் சத்தமில்லாமல்தான் நடக்கிறேன், என் எந்தக் கால் இழுக்கிறது என்று உள்ளேயிருந்தே சொல்லிவிடுவாள்.